புல்வெளிக்குச் சென்ற பெட்டிகள்

ஊரை விட்டுப் புறப்படுவோரின் பெட்டியைத் திறந்து பார்த்தால், எதைப் பிரிய அவர்களுக்கு மனம் வரவில்லை என்பது தெரிந்துவிடும். வட அமெரிக்காவின் பெரும் புல்வெளிகளில் குடியேறியோரின் தட்டுமுட்டுச் சாமான்களை நாம் இந்நோக்கிலேயே காண விழைகிறோம்.

1862ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம், ஐந்தாண்டு தங்கிப் பயிரிடுவோருக்கு 160 ஏக்கர் நிலம் வழங்கியது. அது பழங்குடி மக்கள் இழந்த நிலம் என்பதை மறைத்துப் பேசுதல் நியாயமன்று. வந்தவர்களுக்கோ வீடு கட்ட மரமில்லை. புல்தரையை ஏரால் பெயர்த்து, அக்கட்டிகளைச் செங்கல்போல் அடுக்கிச் சுவர் எழுப்பினர். மழை வந்தால் கூரை சேறாய் ஒழுகும். மண் உதிர்ந்து சோற்றில் விழாதிருக்க, கூரையின் கீழ் மஸ்லின் துணி கட்டினர். காய்ந்த சாணமும் முறுக்கிய புல்லுமே விறகாயின. வறட்டி தட்டிய நம் தாய்மார்களுக்கு இது வியப்பாயிராது.

இத்தகைய நாட்டுக்குத்தான், 1874இல் ரஷ்யாவிலிருந்து வந்த மென்னோனைட் கிறிஸ்தவர்கள் ஊசல் ஆடும் சுவர்க்கடிகாரங்களைக் கொண்டுவந்தனர். மணப்பெண்ணின் துணிமணிகள் அடங்கிய கனத்த மரப்பெட்டிகளும் கோதுமை விதையும் உடன் வந்தன. விதை வந்த காரணம் விளங்குகிறது. கடிகாரம் எதற்கு? கதிரவனோடு எழுந்து கதிரவனோடு உறங்கும் உழவனுக்கு மணி பார்க்கும் தேவை குறைவே. பாட்டன் வீட்டில் கேட்ட ஓசை பேரன் வீட்டிலும் கேட்கவேண்டும் என்ற ஆவலன்றி வேறு காரணம் நமக்குத் தோன்றவில்லை.

1900ஐ அடுத்த ஆண்டுகளில் வடக்கு டக்கோட்டாவின் ராஸ் என்னும் சிற்றூருக்கு நம் மார்க்கச் சகோதரர்களும் வந்தனர். உஸ்மானியப் பேரரசின் சிரியா அவர்களின் தாயகம். அவர்களில் பலர், ஊசி, நூல், நாடா நிறைந்த மூட்டையை முதுகில் சுமந்து பண்ணை வீடுகள்தோறும் விற்ற பின்னரே நிலம் எடுத்தவர்கள். மூட்டை வியாபாரிக்குக் கனத்த பெட்டி ஏது? நெஞ்சில் சுமந்து வந்த தொழுகையே அவர்களின் சீதனம். பல்லாண்டுகள் வீடுகளிலேயே கூடித் தொழுதனர். 1929இல்தான், பாதி நிலத்துக்குள் அமைந்த ஒரு சிறு பள்ளிவாசலைக் கட்ட அவர்களால் இயன்றது.

கடிகாரத்தைப் பேரனின் கையில் கொடுத்துவிடலாம். ஒரு சூராவை அவ்வாறு கொடுக்க இயலுமா? உம்மாவின் மடியிலும் உஸ்தாதின் முன்னும் நாள்தோறும் அமர்ந்து பெறவேண்டிய செல்வம் அது. பண்ணைகளோ மைல் கணக்கில் விலகிக் கிடந்தன, குளிர்காலமோ கொடியது. பிள்ளைகள் ஆங்கிலம் பேசி வளர்ந்தனர். அரபுப் பெயர்கள் அயலார் நாவுக்கேற்பத் திரிந்தன. திருமண உறவால் சிலர் கிறிஸ்தவரோடு கலந்தனர். தொழ ஆளின்றிக் கிடந்த அப்பள்ளி 1970களில் இடிக்கப்பட்டது.

2005இல் அவ்விடத்திலேயே சிறியதொரு பள்ளி மீண்டும் எழுந்தது. அருகே மையவாடி. மூட்டை சுமந்து வந்தவர்கள் அங்கு உறங்குகின்றனர். அதன் வாயிலில் பிறை பொறித்திருக்கிறார்கள்.