தரங்கம்பாடிக் கடற்கரையில்

தரங்கம்பாடியைக் காண விரும்பும் நேயர்கள் தை மாதத்தில் செல்வதே உத்தமம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்திருக்கும். விடியற்காலையில் பனி மெல்லிய போர்வை போல் கடல்மீது கிடக்கும். 1620-இல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய கோட்டை கடலைப் பார்த்தபடி இன்றும் நிற்கிறது. 1845-இல் ஊரை ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டு அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். அருகே, பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் ஆலயத்தின் முன்பகுதியைக் கடலே கொண்டுபோயிற்று. கோட்டையை விற்றவர்களும் உண்டு. கோயிலை விழுங்கிய கடலும் உண்டு. இவ்வூரின் சரித்திரம் இவ்வளவே என்று எண்ணிவிடலாகாது.

சென்ற தை மாதத்தில் ஒரு நாள், இருள் பிரியுமுன், நமது நாய் மணியுடன் கோயிலையும் கடந்து மணற்பரப்பில் வெகுதூரம் நடந்தோம். திடீரென மணி கயிற்றை இழுத்துக்கொண்டு மணலை முகர்ந்தது. கட்டை வண்டியை இழுத்துச் சென்றாற்போல ஒரு தடம் அலையிலிருந்து மேலேறி, மீண்டும் அலைக்கே இறங்கியிருந்தது.

"நாயைப் பிடிச்சுக்குங்க, ஐயா!" என்று ஒரு குரல் எழுந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கையில் கழியுடன் முதியவர் ஒருவர் மணலில் அமர்ந்திருந்தார். மீனவர்.

பங்குனி ஆமை முட்டையிட்டுச் சென்ற இடம் அது. ஒரு குழியில் 100 முட்டைக்கு மேல் இடும். மணலின் சூடே அவற்றை 45 முதல் 60 நாட்களில் பொரிக்கும்; தாய் திரும்பிப் பார்ப்பதில்லை.

"இன்று கடலுக்குப் போகவில்லையா, பெரியவரே?" என்றோம்.

"கூட்டாளிங்க போயிட்டாங்க, ஐயா. நானும் போனா, வனத்துறை ஆளு வர்றதுக்குள்ளே நாய் தோண்டிடும். எங்கப்பா காலத்திலே இதைத் தின்பாங்க, நானும் தின்னிருக்கேன். வலையிலே செத்து வர்றதைப் பார்த்துப் பார்த்து, இப்போ மனசு வரல்லே."

மணியை இழுத்துப் பிடித்தபடி நாமும் உட்கார்ந்தோம். சூரியன் நன்கு மேலேறிய பிறகே காவலர் வந்தார். முட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கூடையில் வைத்தார். மொத்தம் 112. குஞ்சு பொரிக்கும் வரை அவை வேலியிட்ட மணற்பாத்தியில் இருக்கும்.

பெரியவர் மணலைத் தட்டிவிட்டு எழுந்தார். அன்று அவருக்கு மீனில் பங்கில்லை. அதை ஈடுசெய்வார் எவருமில்லை. தை முதல் பங்குனி வரை கடற்கரையில் நாயுடன் உலாவும் நேயர்கள் கயிற்றை அவிழ்க்காதிருந்தால், அவரைப் போன்றவர்களுக்கு ஒரு நாள் பிழைப்பாவது மிஞ்சும்.