சித்தூரா, திருப்பதியா: ஒரு எழுபது கிலோமீட்டர் பஞ்சாயத்து

மஸ்கட்டில் யாரிடமாவது சொந்த ஊர் சித்தூர் என்று சொன்னால், "பாலக்காடு பக்கமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். இல்லைங்க, அது வேற, இது ஆந்திரா சித்தூர். உடனே அடுத்த கேள்வி வரும். "அப்ப நீங்க தெலுங்கா?" இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல ஆரம்பித்தால் கேட்டவரின் டீ ஆறிவிடும். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்துக்கே தலைநகரம் எங்கள் ஊர்தான். அந்த வருஷம் ஏப்ரலில் சித்தூர் தனி மாவட்டமானது. 1953-ல் ஆந்திரா பிரிந்தபோது சித்தூர் அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. வடக்கெல்லைக்காகப் போராடி, 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. சித்தூரும் திருப்பதியும் வரவில்லை. எங்கள் வீடு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. வீட்டுக்குள்ளே தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. ரெண்டிலும் சண்டை போடத் தெரியும்.

சரி, மேட்டருக்கு வருவோம். மகள் எட்டாம் வகுப்பை மார்ச்சில் முடிக்கிறாள். அதோடு தங்கமணியும் அவளும் ஊருக்குத் திரும்புவது என்று முடிவாகிவிட்டது. நான் இன்னும் கொஞ்ச காலம் இங்கேயே பேச்சிலர் சமையலில் காலம் தள்ளவேண்டும். (ரசப்பொடி ஸ்டாக் ஏற்கனவே வந்து இறங்கிவிட்டது.) ஊருக்கு என்றால் எந்த ஊருக்கு என்பதில்தான் ஆறு மாசமாக வீட்டில் பஞ்சாயத்து. சொந்த வீடும் என் அம்மாவும் சித்தூரில். பள்ளி, கல்லூரி, விமானம் எல்லாம் திருப்பதியில். நடுவில் எழுபது கிலோமீட்டர்தான். வளைகுடாவில் பதினைந்து வருஷம் இருந்தவனுக்கு எழுபது கிலோமீட்டர் ஒரு தூரமா என்று தோன்றும். பதின்மூன்று வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு யோசித்துப் பாருங்கள், அது தனி உலகம்.

நண்பர்கள் ஆளுக்கொரு பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். வாடகை, தண்ணீர், கரண்ட், பள்ளி ரிசல்ட்... எல்லாம் சரிதான். ஆனால் எந்த ஊர் என்பதைவிட எந்த வருஷம் என்பதுதான் முக்கியம் என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளைகளோடு ஆந்திரா பக்கம் திரும்ப நினைக்கிற நம்மவர்களுக்கு உதவும் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அரசியல் சட்டத்தின் 371டி பிரிவின் கீழ் 1974-ல் ஒரு குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. ஆந்திராவில் மாநில ஒதுக்கீட்டு இடங்களில் 85 சதவீதம் 'லோக்கல்' மாணவர்களுக்கு. யார் லோக்கல்? தகுதித் தேர்வு எழுதும் வருஷத்தோடு சேர்த்து, தொடர்ச்சியாக நாலு கல்வி ஆண்டுகள் அந்த வட்டாரத்துப் பள்ளிகளில் படித்திருக்க வேண்டும். பன்னிரண்டாவது தகுதித் தேர்வு என்றால் ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. அதாவது ஒன்பதாம் வகுப்பு தொடங்கும்போது பிள்ளை அங்கே வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். பத்தாவதை இங்கேயே முடித்துவிட்டுப் போகலாம் என்று வளைகுடாவில் பல குடும்பங்கள் நினைப்பதுண்டு. போர்டு பரீட்சை முடிந்தபிறகு மாற்றுவது நல்லது என்பது நியாயமான யோசனைதான். ஆனால் இந்தக் கணக்கில் அது உதைக்கும். கதவு முழுசாக மூடிவிடாது. என்னைப் போல மாநிலத்தில் பத்து வருஷத்துக்கு மேல் வாழ்ந்த பெற்றோர் இருந்தால், மீதி 15 சதவீதத்தில் போட்டி போடலாம். ஆனால் 85 எங்கே, 15 எங்கே?

இதில் வேடிக்கை என்னவென்றால், சித்தூரும் திருப்பதியும் இந்தக் கணக்கில் ஒரே ஊர்தான். ராயலசீமையும் நெல்லூரும் சேர்ந்து ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழக வட்டாரம். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தபோதும் இந்த வட்டாரம் மாறவில்லை. ஐஐடி, ஐசர் போன்ற இடங்களுக்கு இந்த விதியே கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது பயந்துவிடப் போகிறீர்கள்.

மாமா ஒருவர் மூன்றாவது வழி சொன்னார். "சித்தூர்ல வீடு, வேலூர்ல ஸ்கூல். முப்பத்தஞ்சு கிலோமீட்டர்தானேப்பா, நம்ம பாஷைல படிக்குமே பொண்ணு?" கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் படிப்பு தமிழ்நாட்டில், வீடு ஆந்திராவில் என்றால் ஆந்திராவின் நாலு வருஷக் கணக்கு போச்சு. தமிழ்நாட்டு இடங்களுக்கு அவர்கள் கேட்கும் சான்றிதழ் கணக்கு வேறு. ரெண்டு மாநிலத்துக்கும் நடுவில் பிறந்தவன் நான், மகளையும் நடுவில் நிறுத்தவேண்டாம் என்று மாமாவுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

ஆக, எந்த வருஷம் என்பதை ஆணையே முடிவு செய்துவிட்டது. எந்த ஊர் என்பது மட்டும் எங்கள் தலையில்.

போன கோடை விடுமுறையில் ஒரு பரீட்சை வைத்தோம். சித்தூரில் பத்து நாள், திருப்பதியில் வாடகைக்கு ஒரு வீடு எடுத்து அஞ்சு நாள். சுற்றுலா கிடையாது, கோயில் கூட ஒரே ஒரு நாள்தான். (அலிபிரியிலிருந்து 3,550 படி. மகள் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதை இத்தோடு விட்டுவிடுவோம்.) காய்கறி வாங்குவது, பஸ் ஏறுவது, பள்ளிகளைப் போய்ப் பார்ப்பது என்று குடியிருக்கிறவர்கள் மாதிரி இருந்து பார்ப்பதுதான் திட்டம்.

சித்தூரில் மூன்றாம் நாள், தெருமுனைக் கடைக்குத் தனியாகப் போய் ஒரு நோட்டு வாங்கி வருகிறேன் என்று கிளம்பினாள். இருநூறு அடி தூரம் இருக்குமா? அவள் திரும்பி வருவதற்குள் அம்மாவுக்கு நாலு போன். "உன் பேத்தி போறா போல இருக்கே", "தலையைப் பின்னி விடக்கூடாதா", "யாரு, பெரியவன் பொண்ணா, இன்னா உயரம்!", நாலாவது யாரென்று இன்றுவரை தெரியாது. கடைக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டாராம், தாத்தா கணக்கில் வைத்துக்கொள்கிறேன் என்றாராம். தாத்தா போய் ஒன்பது வருஷமாகிறது!

திருப்பதியில் அறிவியல் மையத்துக்குத் தனியாகப் போய் வருகிறேன் என்றாள். நான் நூறு அடி பின்னால் அசட்டுத்தனமாக நடந்தேன். ஒருத்தரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாப் முழுக்க அவளைப் போலப் பை மாட்டிய பெண்கள். 1983-லிருந்து பெண்களுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிற ஊர், 1954-லிருந்து பெரிய பல்கலைக்கழகம் வேறு. தெருவில் பெண்பிள்ளைகள் நடப்பது அங்கே ஒரு செய்தியே இல்லை. தினம் அறுபதாயிரத்துக்கும் மேல் வெளியூர்க்காரர்கள் வந்துபோகிற ஊரில் யார் யாரைப் பார்ப்பார்கள்?

அன்று ராத்திரி சொன்னாள். "சித்தூர்ல நான் தாத்தாவோட பேத்திப்பா. இங்க நான் யாரோ." யாரோவாக இருப்பதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

தங்கமணிக்கு அது சந்தோஷமாக இல்லை. நான் இங்கே இருக்கப்போகிறேன், அவள் தனியாக ஒரு டீன் ஏஜ் பெண்ணை வைத்துக்கொண்டு சமாளிக்க வேண்டும். "அந்த நாலு போன் உங்களுக்குக் கிண்டலா இருக்கு. ராத்திரி பதினொரு மணிக்கு இவளுக்கு ஜுரம் வந்தா அந்த நாலு பேர்தான் ஆட்டோ கொண்டுவருவாங்க. திருப்பதில யார் வருவா, அறுபதாயிரம் பக்தர்களா?" என்றாள். எனக்குப் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

அம்மாவின் பக்கமும் இருக்கிறது. இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை வேலூர் சி.எம்.சி.க்குப் போகிறார். ஃபைல், டாக்டர், கேண்டீன் இட்லி எல்லாம் அங்கேதான் பழக்கம். திருப்பதியிலும் ஸ்விம்ஸ் இருக்கிறது, 1993-லிருந்து இருக்கிறது, நல்ல ஆஸ்பத்திரிதான் என்று நான் ஆரம்பித்தால், "நான் எங்கியும் வரல ராஜா, நீங்க பாத்து செய்யுங்க" என்று முடித்துவிடுவார். அந்த 'பாத்து செய்யுங்க'வில் இருக்கும் கனம் வெளிநாட்டில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

தராசைச் சாய்த்தது வேறு ஒன்று. சித்தூரில் என்னோடு படித்த கூட்டாளிகளைப் பார்க்கப் போனேன். மாம்பழ சீசன். கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் கூழ் ஃபேக்டரி வாசலில் வரிசை கட்டி நின்றன. ஒவ்வொரு வீட்டிலும் பேச்சுவாக்கில் ஒரே கதை. பத்தாவது முடித்ததும் பிள்ளையைத் திருப்பதியிலோ விஜயவாடாவிலோ விடுதியில் போட்டிருக்கிறார்கள். விடிவதற்கு முன் எழுந்து ராத்திரி வரை எம்பிசி, பைபிசி. மாசத்துக்கு ஒரு ஞாயிறு பெற்றோர் பார்க்கலாம். நான் யாரையும் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு வேறு வழி குறைவு. ஆனால் சித்தூரைத் தேர்ந்தெடுத்தால் பதினைந்து வயசில் இவளை மறுபடி பெயர்த்து நடவேண்டியிருக்கும், அதுவும் விடுதியில். அப்பா மஸ்கட்டில், அம்மா சித்தூரில், பெண் விடுதியில். அதற்கு மூவரும் இங்கேயே இருந்திருக்கலாமே? ஒரே தடவை நட்டுவிடுவது என்று முடிவு செய்தோம். திருப்பதி.

எம்.ஆர். பள்ளி பக்கம் வீடு பார்த்தாயிற்று. ஊரின் மேற்குப் பக்கம், சந்திரகிரி வழியாகச் சித்தூர் பஸ் பிடிக்க வசதி. வாடகை சித்தூரைவிட நன்றாகவே கடிக்கிறது. திருப்பதி, காட்பாடி ரயில் பாதை ஒற்றைத் தடம்தான். 104 கிலோமீட்டரை இரட்டையாக்க 2025 ஏப்ரலில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்திருக்கிறது. அது முடிவதற்குள் மகள் கல்லூரிக்கே போய்விடுவாள் என்று நினைக்கிறேன், அதனால் இப்போதைக்கு பஸ்தான். சனிக்கிழமை சாயங்காலம் ரெண்டு பேரும் சித்தூர் போய், ஞாயிறு திரும்புவது என்று ஏற்பாடு. அம்மாவிடம் சொன்னபோது, "ஞாயித்துக்கெழம ஒரு ராத்திரியும் இருந்துட்டு, திங்கக்கெழம வெடிகாத்தால போவக்கூடாதா?" என்று பேரம் பேசினார். பேரம் பேசினால் பாதி சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். தங்கமணி இன்னும் முழுசாகச் சம்மதிக்கவில்லை. எம்.ஆர். பள்ளியில் ஆட்டோ கொண்டுவரப் போகிற நாலு பேரின் நம்பரை முதலில் வாங்கிக் கொடுங்கள் என்கிறாள். வீட்டுக்காரம்மா நம்பர் ஒன்று கிடைத்திருக்கிறது. இன்னும் மூன்று.

பாஷைதான் பாக்கி. நாங்கள் பார்த்த சிபிஎஸ்இ பள்ளிகளில் ஹிந்தியைத் தொடரலாம் என்றார்கள், பரீட்சைக்குத் தெலுங்கு இல்லாமல் ஓட்டிவிடலாம். பஸ் போர்டைப் படிக்க, தோழிகளின் ரகசியத்தில் பங்கு கேட்கத் தெலுங்கு வேண்டாமா? அம்மா பேசுவது தமிழ், ஆனால் பள்ளியில் படித்தது தெலுங்கு. பால் கணக்கெல்லாம் இன்றும் தெலுங்கில்தான் எழுதுவார். இப்போது தினமும் மஸ்கட் நேரம் ஆறு மணிக்கு, அங்கே ஏழரைக்கு, வாட்ஸ்அப்பில் ஆயாவின் வகுப்பு நடக்கிறது. ஒரு சிலேட்டு வாங்கி வைத்திருக்கிறார். உயிரெழுத்து முடிந்து 'க' வரிசைக்கு வந்திருக்கிறார்கள். தமிழில் ஒரே ஒரு 'க' போதும் என்று இருக்கும்போது இவங்களுக்கு எதுக்கு ஆயா நாலு, என்று நேற்று கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா நாலையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினார். எனக்கு மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் வித்தியாசம் கேட்கவில்லை, போனில் சிக்னல் சரியில்லை என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டேன்.