சாயங்காலத் தாளும் ஞாயிற்றுக்கிழமை நோட்டும்

என் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் ஆரம்பித்ததிலிருந்து அதிகம் கேட்ட அறிவுரை, "உங்களைவிடக் கஷ்டப்படுறவங்களை நினைச்சுப் பாருங்க" என்பதுதான். பக்கத்துக் கட்டிலில் கல்லூரிக்குப் போகிற வயதுப் பையன் படுத்திருக்கிறான். அவனைப் பார்த்து நான் நிம்மதிப்படுவதா? அதற்கு நன்றி என்று பேர் வைக்க எனக்கு மனசு ஒப்பவில்லை.

வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். பகல் அப்படிப் போய்விடும். ராத்திரிதான் கஷ்டம். பணம், உப்பு, குடித்த தண்ணீரின் அளவு என்று ஒவ்வொன்றாக வந்து எழுப்பும். நினைக்காதே என்று அதட்டினால் இன்னும் பிடிவாதம் பிடிக்கும். வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று மாணவர்களிடம் சொல்லிப் பார்த்தார் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர். 1987-இல் வெளிவந்த அந்த ஆய்வில், கரடி திரும்பத் திரும்ப வந்ததுதான் மிச்சம்.

அதனால் என் கரடிக்கு நேரம் ஒதுக்கிக் கொடுத்தேன். விளக்கேற்றிய பிறகு அரை மணி, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பயங்களை எழுதுவேன். எழுதும்போதே சில, 'இன்ஷூரன்ஸ்காரருக்குப் போன் பண்ணணும்' என்கிற வேலையாகிவிடும். மற்றவை அப்படியே கிடக்கும். நடுச்சாமத்தில் எழுப்பினால், "நாளைக்குச் சாயங்காலம் பேசிக்கலாம்" என்பேன். பாதி நாள் கேட்கும்.

காலையில் அவர் கையில், டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட இடத்தைத் தொட்டுப் பார்ப்போம். ரத்தம் ஓடுகிற அதிர்வு, செல்போன் வைப்ரேட் ஆவதுபோல் விரலில் தட்டவேண்டும். தட்டாவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். தட்டும்போது நன்றியும் பயமும் சேர்ந்தேதான் வருகின்றன.

நன்றியைத் தினமும் எழுதிப் பார்த்தேன். நல்ல காற்று, நல்ல காபி என்று சீக்கிரமே சம்பிரதாயமாகிவிட்டது. உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லாவும் நன்றி பற்றி 2003-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பிரிவினர் வாரம் ஒருமுறைதான் எழுதினார்கள். எனக்கும் அதுவே தோதுப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை நோட்டில் ஆளைக் குறித்தே எழுதுகிறேன். "அண்ணே, கொஞ்சம் கடுக்கும்" என்று சொல்லிவிட்டு ஊசி குத்துகிற டெக்னீஷியன் பெண்ணைப் பற்றி எழுதியதை அவளிடமே சொன்னேன். "அதுக்கென்னக்கா" என்று வெட்கப்பட்டுக்கொண்டு மெஷின் பக்கம் திரும்பிவிட்டாள்.

போன வாரம் நோட்டில் ஆட்டோக்காரர். மழையில் வண்டியை வார்டு வாசல்வரை ஏற்றி, கைத்தாங்கலாக இவரை இறக்கிவிட்டார். அதற்குக் கூடுதலாக இருபது ரூபாயும் வாங்கிக்கொண்டார். அது சாயங்காலத் தாளில் இருக்கிறது.