துக்கம் விசாரித்தல்

பிறந்தவர் இறப்பர் என்பதைச் சிறு குழந்தையும் அறியும். ஆயினும், நம் வீட்டிலே ஒருவருடைய இருக்கை வெறுமையாகும்போது அந்த அறிவு நமக்குச் சிறிதும் துணை செய்வதில்லை. "எல்லோருக்கும் உள்ளதுதானே, மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்" என்று கூற வருவோர் சொல்வது உண்மையே. ஆனால் துயருற்றவன் எல்லோருக்கும் பொதுவான மரணத்தை நினைத்து அழுவதில்லை. தனக்கென்று இருந்த ஒருவரை நினைத்தே அழுகிறான். அவனுக்கு எந்தச் சொல் ஆறுதலாகும்? துக்க வீட்டு வாயிலிலே செருப்பைக் கழற்றும்போதே நம்மிற் பலர் இக்கேள்விக்கு விடை தெரியாமல் தடுமாறுகிறோம்.

நம் முன்னோர் அழுகையை இழிவாகக் கருதியவர் அல்லர். மெய்ப்பாடுகள் எட்டினுள் அழுகையையும் வைத்த தொல்காப்பியர், அது தோன்றும் இடங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு என்றார். இழவு என்பது உற்றாரையும் உரியவற்றையும் இழத்தல். அசைவு என்பது முன்பிருந்த நிலை கெட்டு வருந்துதல். ஒருவரை இழந்தவன் அவரை மட்டுமோ இழக்கிறான்? அவரோடு கூடித் தான் வாழ்ந்த நிலையையும் இழக்கிறான். புறநானூற்றிலே பாரி மகளிர் தம் தந்தையை இழந்து பாடிய சிறு பாட்டு ஒன்று உண்டு. அதில் ஆறுதல் மொழி ஒன்றேனும் இல்லை. சென்ற திங்களையும் இந்தத் திங்களையும் அருகருகே வைத்துக் காட்டுவதோடு அது நின்றுவிடுகிறது. இழந்ததை இழந்ததாகச் சொல்ல இடந்தருவதே முதல் ஆறுதல் என்பதை அப்பாட்டு எனக்குக் கற்பித்தது.

யாழ்ப்பாணத்து ஊர்களிலே மரணம் நிகழ்ந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலவரும் உறவினரும் சமைத்துக் கொண்டுவந்து, உண்ண மறுப்பவரையும் வற்புறுத்தி உண்பிப்பர். சுண்ணம் இடிக்கும்போது திருவாசகத்துத் திருப்பொற்சுண்ணம் ஓதப்படும். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிப்பர். பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி சொல்லி அழுவர். பின்னர்க் காடாற்று, எட்டுச் செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி, ஓராண்டு நிறைவில் ஆட்டைத் திவசம் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கடமைகள் வரும். இவற்றுக்குச் சமயம் கூறும் பொருள் ஒருபுறம் இருக்க, இவை துயருற்றவரின் கைகளுக்கு வேலை தருகின்றன. சுற்றத்தார் மீண்டும் மீண்டும் வந்து கூட நாள் குறிக்கின்றன. எட்டுச் செலவன்று இறந்தவர் விரும்பி உண்டவற்றைச் சமைத்துப் படைப்பர். "அவருக்கு என்ன பிடிக்கும்?" என்று யாரேனும் ஒருவர் கேட்பார். அந்த ஒரு கேள்வியினால், வாய் திறவாதிருந்தவரும் பேசத் தொடங்குவார்.

கொழும்பு வாழ்க்கை இவற்றையெல்லாம் சுருக்கிவிட்டது. வெள்ளவத்தையின் மாடிக் குடியிருப்புகளிலே பலவற்றில் பூதவுடலை மேலே கொண்டுசெல்ல வழியில்லை. ஆகவே மலர்ச்சாலையிலே ஓரிரு நாள் வைத்து, பொரளைக் கனத்தைக்கோ கல்கிசை மயானத்துக்கோ கொண்டுசெல்கிறோம். கொட்டாஞ்சேனையில் உள்ளோர் மாதம்பிட்டிக்குச் செல்வர். இலண்டனிலும் தொரந்தோவிலும் உள்ள பிள்ளைகள் தொலைபேசித் திரையிலே இறுதிக் கிரியையைக் கண்டு அழுகின்றனர். நான்காம் நாள் அலுவலகம் திறந்திருக்கிறது. துக்கம் மட்டும் எங்கும் செல்லாமல் வீட்டிலேயே இருக்கிறது.

என் தமக்கையார் 2021ஆம் ஆண்டு ஆவணி மாதத்திலே கொரோனா நோயினால் காலமானார். என்னிலும் 9 வயது மூத்தவர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, தென்மராட்சிக்குச் செல்லும் வழியெங்கும் சனநெரிசலில் என் கையை விடாமற் பற்றிச் சென்றவர் அவரே. பின்னர்க் கொட்டாஞ்சேனையில் ஓர் அறையிலிருந்தும், பின்பு வெள்ளவத்தையிலிருந்தும் தையல் இயந்திரம் ஒன்றினாலேயே என்னைப் பட்டதாரியாக்கினார். அத்தகையவருக்கு வாய்க்கரிசி இடவும் எனக்கு வாய்க்கவில்லை. பெட்டி முத்திரையிடப்பட்டிருந்தது, வீட்டுக்குக் கொண்டுவரும் வழக்கம் அக்காலத்தில் நிறுத்தப்பட்டிருந்தது. நாடெங்கும் ஊரடங்கு. எரிக்கும் மரபுடைய எங்களுக்கே அத்துணைத் துயர் என்றால், 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை கட்டாயத் தகன விதியினால் தம் உறவினரை அடக்கம் செய்ய இயலாதிருந்த முஸ்லிம் குடும்பங்களின் துயரை என்னென்பது? அதற்காக மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது 2024 ஜூலையிலேதான்.

அந்த நாட்களிலே துக்கம் விசாரிக்க எவரும் வரவில்லை, வரவும் இயலாது. ஆயினும், கீழ்மாடியில் வாழும் சிங்கள அம்மையார் ஒருவர் காலைதோறும் எங்கள் கதவருகே இடியப்பமும் சொதியும் வைத்து, மணியை ஒருமுறை அழுத்திவிட்டு இறங்கிச் சென்றார். எட்டு நாட்கள் அவ்வாறு செய்தார். எட்டுச் செலவு என்ற சொல்லை அவர் கேட்டிருக்க மாட்டார். ஆனால், இறந்தவருக்காக ஏழாம் நாளும், மூன்றாம் மாதமும், ஆண்டு நிறைவிலும் தானம் வழங்கும் மரபிலே வளர்ந்தவர் அவர். துக்க வீட்டில் உலை வைப்பதில்லை என்பதை அவருக்கு யார் கற்பிக்க வேண்டும்? நெடிய அனுதாபக் கடிதங்கள் பல எனக்கு வந்தன. அவற்றின் சொற்கள் இப்போது நினைவில் இல்லை. அந்த இடியப்பத்தின் சூடு நினைவில் இருக்கிறது.

2019 ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் தேவாலயத்திலும் வேறு இடங்களிலும் குண்டுகள் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் மாண்டபோதும் இதையே கண்டோம். செவ்வாய்க்கிழமைகளிலே இந்துக்களும் பௌத்தர்களும் கூட மெழுகுவர்த்தி ஏற்றும் ஆலயம் அது. துயர் ஒரு சமயத்தாருக்கு உரியதாக நிற்கவில்லை. அவ்வாண்டு ஜூன் 12இல் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது. கட்டடம் இரண்டு மாதத்தில் எழுந்துவிட்டது. குடும்பங்களின் துக்கத்துக்கு அத்தகைய கால எல்லை இல்லை.

இக்கால உளநூலார் கூறுவதும் நோக்கத்தக்கது. துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு என்று பலர் சொல்லக் கேட்கிறோம். எலிசபெத் கியூப்ளர்-ரொஸ் 1969இல் அவற்றை வகுத்தது, இறக்கும் நிலையிலிருந்த நோயாளருடன் உரையாடியே. துயருறுவோர் யாவரும் அந்த ஒழுங்கிலேயே ஏறிச் செல்வர் என எதிர்பார்த்தல் தகாது. 1999இல் ஸ்ட்ரோப், ஷூட் என்னும் இருவர், துயருற்றவர் இழப்பை நினைத்து அழுவதும், அன்றாட அலுவலில் ஈடுபடுவதுமாக மாறி மாறி அசைவதே இயல்பு என்றனர். ஆகவே நேற்று அழுதவர் இன்று சிரித்தால் மறந்துவிட்டார் எனப் பழிக்க வேண்டா. இறந்தவரோடுள்ள உறவை முற்றாக அறுத்தலே நலம் என்ற பழைய கொள்கையும் இன்று தளர்ந்துவிட்டது. தந்தைக்கு ஆடி அமாவாசையும் தாய்க்குச் சித்திரா பூரணையும் அனுட்டிக்கும் நமக்கு இது புதுமையன்று.

எனினும் மரபு கைகொடாத துயரும் உண்டு. போரிலே காணாமற்போனோரின் தாய்மார் எந்தத் திதியில் பிண்டம் வைப்பர்? திதி அறியாதோருக்கு அமாவாசை உண்டு என்று சாத்திரம் சொல்லலாம். பிண்டம் வைத்தால் பிள்ளை இறந்துவிட்டான் என்று தாமே உடன்பட்டதாகும் என அத்தாய் அஞ்சுகிறாள். அவளிடம் தத்துவம் பேசுதல் கொடுமை. அவள் கதையைப் பத்தாம் முறையும் கேட்டிருத்தலே நாம் செய்யத்தக்கது. மாதங்கள் பல சென்றும் உணவும் உறக்கமும் அலுவலும் கெடுமாறு துயர் நீடிப்பின், அது மருத்துவ உதவிக்குரியது. நீடித்த துக்கத்தை உலக சுகாதார நிறுவனமும் 2022 முதல் நடைமுறையிலுள்ள தனது நோய்ப் பட்டியலில் சேர்த்துள்ளது. உதவி நாடுவதிலே வெட்கத்துக்கு இடமில்லை. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் இலக்கத்தை அழைக்கலாம். 1974 முதல் இயங்கும் சுமித்ரயோ அமைப்பினரிடமும் மனம்விட்டுப் பேசலாம்.

ஆகவே துக்க வீட்டுக்குச் செல்வோர் சொல்லைத் தேடி வருந்த வேண்டியதில்லை. இறந்தவரின் பெயரைத் தயங்காமற் சொல்லுங்கள். அவரைப் பற்றி நீங்கள் அறிந்த ஒரு செய்தியைக் கூறுங்கள். "ஏதும் தேவையென்றால் சொல்லுங்கள்" என்பதைவிட, ஒரு சோற்றுப் பொதி கொண்டுசெல்வது மேல். எல்லோரும் வரும் முதல் வாரத்தில் மட்டுமன்றி, ஒருவரும் வராத மூன்றாம் மாதத்திலும் ஒருமுறை சென்று வாருங்கள். என் தமக்கையாரின் தையல் இயந்திரத்தை நெடுநாள் நாங்கள் தொடவில்லை. இப்போது என் மகள் அதிலே பள்ளிச் சீருடையின் விளிம்பை மடித்துத் தைக்கிறாள். நூல் அறுந்தால், "மாமி எப்படிக் கோப்பா, அப்பா?" என்று கேட்கிறாள். நான் அறிந்தவரையில் சொல்லிக் கொடுக்கிறேன்.