பந்தை மாற்றும் வேளை

டெஸ்ட் கிரிக்கெட்டுடன் வளர்ந்த எம்மவர்க்குப் பந்தை எப்போது மாற்றுவது என்ற கேள்வி புதியதன்று. 80 ஓவர்கள் வீசப்பட்டதும் களத்தடுப்பு அணிக்குப் புதிய பந்தைப் பெறும் உரிமை கிடைக்கிறது. அதனை உடனே எடுப்பதா, சுழற்பந்து வீச்சாளரின் கையில் பழைய பந்தையே இன்னும் சிறிது நேரம் விட்டுவைப்பதா என்பது அணித் தலைவரின் தீர்மானம். அத்தலைவர் யோசிப்பதைவிட அதிகமாகப் பத்திரிகையாளர் கூடத்தில் அமர்ந்திருந்த நாங்கள் யோசித்திருக்கிறோம். தேநீர் ஆறிப்போகும்வரை வாதிட்டும் இருக்கிறோம்.

இதே கேள்வியை ஓர் இரவில் முப்பது தடவை கேட்டுக்கொள்ள வேண்டிய விளையாட்டொன்று உண்டு என்பதை நான் அறிந்தது ஓய்வு பெற்ற பின்னர்தான். கனடாவின் ஸ்காபரோ நகரில் என் தங்கையின் குடும்பம் வாழ்கிறது. குளிர்காலத்தில் அங்கு சென்று தங்கும் நாட்களில், தங்கையின் கணவர், அதாவது என் மச்சான், தமது பௌலிங் லீக்கில் ஆள் குறையும்போதெல்லாம் என்னையும் அழைத்துச் செல்வார். இரண்டு குளிர்காலங்கள் இவ்வாறு கழிந்தன. என் ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பார்த்ததைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் ஒரு விளக்கம். ரொறன்ரோவில் பௌலிங் என்றால் இரண்டு வகை. 1909 அளவில் அந்நகரிலேயே தோமஸ் றயன் என்பவர் உருவாக்கிய ஐந்து பின் ஆட்டம் ஒன்று. விரல் துளையற்ற சிறு பந்து அதற்குரியது. மற்றையது உலகெங்கும் ஆடப்படும் பத்துப் பின் ஆட்டம், ரென்பின் பௌலிங். நான் எழுதுவது இரண்டாவதைப் பற்றி. பந்தின் நிறை 16 இறாத்தல் வரை இருக்கலாம். கால்வைக்கும் எல்லைக் கோட்டிலிருந்து முதலாவது பின்வரை 60 அடி. தடத்தின் அகலம் 39 பலகைகள். ஓர் ஆட்டத்துக்குப் பத்துப் பிரேம்கள். எங்கள் லீக்கில் ஓர் இரவுக்கு மூன்று ஆட்டங்கள்.

அத்தடத்தின் மீது எண்ணெய் பூசப்பட்டிருக்கிறது என்பதே இவ்விளையாட்டின் உயிர்நாடி. பொதுவாக முதல் 40 அடியளவுக்கு எண்ணெய். எஞ்சிய பகுதி உலர்ந்தது. நடுவில் தடிப்பாகவும் ஓரங்களில் மெல்லியதாகவும் இயந்திரம் பூசிவிடும். எண்ணெய் இருக்கும் இடத்தில் பந்து வழுக்கிச் செல்லும். உலர்ந்த இடத்தைத் தொட்டதும் பலகையைப் பற்றிக்கொண்டு வளையும். வலக்கை ஆட்டக்காரரின் பந்து இடப்புறமாக வளைந்து, 1ஆம், 3ஆம் இலக்கப் பின்களுக்கு இடையிலான பொக்கெட்டில் ஏறத்தாழ 6 பாகைக் கோணத்தில் நுழைய வேண்டும். அப்போதுதான் பத்தும் விழும் வாய்ப்பு அதிகம்.

காலி மைதானத்தின் ஆடுகளம் ஐந்தாம் நாளில் வெடித்துத் தூசு கிளம்புவதை எவரும் கண்ணால் பார்க்கலாம். இங்கே அது முடியாது. எண்ணெய்ப் படலம் தலைமயிரைவிட மெல்லியது. ஒவ்வொரு பந்தும் உருளும்போது அதில் ஒரு சிறு பகுதியைத் துடைத்தெடுத்துச் செல்கிறது. முதல் ஆட்டத்தில் இருந்த தடம் மூன்றாம் ஆட்டத்தில் இல்லை. ஆனால் பார்வைக்கு அது அதே பளபளப்புடன்தான் கிடக்கும்.

எண்ணெய் மாறும் விதமும் பந்தைப் பொறுத்தது. 1973இல் டொன் மக்கியூன் என்ற அமெரிக்கத் தொழின்முறை ஆட்டக்காரர், தமது பந்துகளை இரசாயனக் கரைசலில் ஊறவைத்து மேற்பரப்பை மென்மையாக்கி, அந்த ஆண்டில் ஆறு பட்டங்களை வென்றார். பந்தின் தோலே பாதி ஆட்டம் என்பது அன்று உலகுக்குத் தெரிந்தது. பின்னர் பந்து எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்பதற்கு விதிகள் வந்தன. 1980களின் தொடக்கத்தில் யூரிதேன் பந்துகளும், 1990களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் ரெசின் பந்துகளும் வந்து சேர்ந்தன. ரெசின் பந்து எண்ணெயை உறிஞ்சிக்கொள்வதால் தடத்தின் முற்பகுதி விரைவில் உலர்கிறது. பிளாஸ்ரிக், யூரிதேன் பந்துகள் எண்ணெயை அதிகம் உறிஞ்சாமல் முன்னோக்கி இழுத்துச் செல்வதால் உலர்ந்த பின்பகுதி ஈரமாகிறது. முதலாவதில் பந்து முன்கூட்டியே வளையும். இரண்டாவதில் வளைய வேண்டிய இடத்தில் வளையாது.

ஆகவே, பந்தை மாற்ற வேண்டுமா என்று தீர்மானிக்க விரும்புபவர் முதலில் பார்க்க வேண்டியது அடுத்தவர்களின் பந்துகளை. யார் எந்தப் பலகைகளின் மேல் உருட்டுகிறார்கள், எவ்வகைப் பந்தால் உருட்டுகிறார்கள் என்பதை அறிந்தால் எந்த இடம் முதலில் உலரும் என்பது விளங்கும். இடக்கை ஆட்டக்காரர்கள் குறைவு என்பதால் அவர்களுடைய பக்கம் பெரும்பாலும் மெதுவாகவே மாறும். பிரேமுக்கு பிரேம் ஒரு சோடித் தடங்களில் மாறி மாறி உருட்டுகிறோம். அவ்விரண்டும் ஒரே விதமாக மாறுவதும் இல்லை.

அடுத்ததாக, ஒரு பிழையான பந்துக்கும் மாறிய தடத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிய வேண்டும். மச்சானின் ஒழுங்கு இது: முதலில் கை, பிறகு கால், கடைசியாகப் பந்து. பந்து முதற்பின்னின் முகத்தில் நேரடியாக மோதினால், கையிலிருந்து அது சரியாக விடுபட்டதா என்று கேட்பார். சரியாக விடுபட்டும் மீண்டும் அதுவே நிகழ்ந்தால், நிற்கும் இடத்தை இரண்டு பலகைகள் இடப்புறமாக நகர்த்துவார். நகர்ந்த பின்னரும் பந்து பொக்கெட்டுக்கு வந்து, ஆனால் வலுவிழந்து, 10ஆம் இலக்கப் பின்னை அசையாமல் நிற்கவிட்டால், அப்போதுதான் பையைத் திறப்பார். முன்கூட்டியே வளைந்த பந்து தன் ஆற்றலை வழியிலேயே செலவழித்துவிட்டது என்பதற்கு அந்தத் தனித்து நிற்கும் பின் சாட்சி.

பந்தை மாற்றாமல் அதன் மேற்பரப்பை மட்டும் மாற்றலாமே என்று கேட்கலாம். அமெரிக்க பௌலிங் காங்கிரஸின் விதிப்படி, போட்டி நடக்கும்போது பந்தைத் தேய்த்துச் சொரசொரப்பாக்க முடியாது. 2019 ஓகஸ்ட் முதல் திரவம் கொண்டு துடைக்கவும் முடியாது. உலர்ந்த துவாய் மட்டுமே அனுமதி. எங்கள் லீக்கிலும் அதுவே நடைமுறை. எனவே எஞ்சுவது மற்றப் பந்து மட்டுமே. ஆட்டத்தின் நடுவே பயிற்சி உருட்டலும் கிடையாது. மாற்றிய பந்தின் முதல் உருட்டலே கணக்கில் ஏறும்.

இனி, கணக்கைச் சொல்ல வேண்டும். ஸ்ட்ரைக் விழுந்தால் அடுத்த இரண்டு உருட்டல்களின் புள்ளிகளும் அந்தப் பிரேமுக்குச் சேரும். தொடர்ந்து ஸ்ட்ரைக்குகள் விழுந்த பின்னர் வரும் உருட்டல், முந்திய இரண்டு பிரேம்களுக்கும் தன்னுடைய பிரேமுக்குமாக மூன்று முறை எண்ணப்படும். பந்தை மாற்றிப் பார்ப்பதற்கு மிக ஆபத்தான வேளை அதுவே.

அந்த வேளையில்தான் மச்சான் மாற்றினார். பருவத்தின் கடைசி வாரம். மூன்றாவது ஆட்டத்தை வென்றால்தான் இறுதிச் சுற்றில் எங்களுக்கு இடம். நான்காம், ஐந்தாம், ஆறாம் பிரேம்களில் அவருக்கு மூன்று ஸ்ட்ரைக்குகள். எங்கள் மேசையில் ஒரே ஆரவாரம். அவர் மட்டும் பேசாமல் வந்து அமர்ந்து, தமது 15 இறாத்தல் பந்தை ஒருமுறை துடைத்துப் பையில் வைத்துவிட்டு, 14 இறாத்தல் பந்தை வெளியே எடுத்தார்.

அணியின் இளைஞன் பதறிப்போனான். "அங்கிள், மூண்டு ஸ்ட்ரைக் விழுந்திருக்கு. இப்ப ஏன் மாத்திறியள்?"

"தம்பி, போர்டைப் பாராதை, பந்தைப் பார். கடைசி ஸ்ட்ரைக் மற்றப் பக்கத்தாலை விழுந்தது."

உண்மை அதுதான். அந்தப் பந்து 1க்கும் 3க்கும் இடையில் நுழையவில்லை. முதற்பின்னைக் குறுக்கே கடந்து, 1க்கும் 2க்கும் இடையில் போய் விழுத்தியது. புள்ளிப் பலகைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் உருட்டியவருக்கு அது ஓர் எச்சரிக்கை. இரண்டு அங்குலம் தள்ளியிருந்தால், இரு ஓரங்களிலும் பின்கள் பிரிந்து நிற்கும் ஸ்பிளிட் ஆகியிருக்கும்.

அவர் அவனுக்குச் சொல்லாததை வீடு திரும்பும் வழியில் எனக்குச் சொன்னார். தடம் மட்டும் மாறவில்லை, தோளும் மாறியிருந்தது. அவருக்கு 63 வயது. மூன்றாவது ஆட்டம் வரும்போது 15 இறாத்தல் பந்து கையை முந்திக்கொண்டு இறங்குவதை அந்தப் பருவம் முழுவதும் அவர் உணர்ந்திருக்கிறார். 14 இறாத்தல் பந்து வாரக்கணக்காகப் பையிலேயே கிடந்தது. அதனை எடுப்பதற்கு எண்ணெயைப் பற்றிய அறிவு போதுமானதாக இருக்கவில்லை. இளைஞர்களின் முன்னால் பாரம் குறைந்த பந்தைத் தூக்க அவருக்கு மனம் வரவில்லை; அதுவே உண்மையான தடை.

தடம் மாறிவிட்டதா, நான் மாறிவிட்டேனா என்ற கேள்விக்கு 'இரண்டும்தான்' என்பதே பெரும்பாலும் விடை. முதலாவதை ஒப்புக்கொள்வது எளிது. பழியை எண்ணெயின் மேல் போட்டுவிடலாம். இரண்டாவதை ஒப்புக்கொள்ள ஸ்ட்ரைக்குகள் விழுந்துகொண்டிருக்கும்போது எவருக்கும் காரணம் தோன்றாது. அவை நின்ற பின்னரோ காலம் கடந்திருக்கும்.

ஏழாம் பிரேமில் ஒன்பது, பிறகு ஸ்பெயார். எட்டில் ஸ்ட்ரைக். ஒன்பதிலும் பத்திலும் ஸ்பெயார். கடைசி உருட்டலில் ஒன்பது. மொத்தம் 217, அந்த இரவில் எங்கள் அணியில் எவரும் எடுத்ததைவிட அதிகம். ஆயினும் அணி நான்கு பின்களால் தோற்றது.

மாற்றாமல் இருந்திருந்தால் அந்த நான்கும் வந்திருக்கும் என்று இளைஞன் இரண்டு வாரங்களாகக் கணக்குப் பார்த்தான். பழைய பந்து ஏழாம் பிரேமில் ஸ்பிளிட்டை விட்டிருந்தால் தோல்வி இன்னும் பெரிதாகியிருக்கும் என்பதும் அதே அளவு நம்பத்தக்க கணக்கே. உருட்டாத பந்துக்குப் புள்ளி எழுத எவராலும் முடியாது. அச்சுக்குப் போகும் வேளையில் முதற்பக்கத் தலைப்புச் செய்தியை மாற்றியவர்களுக்கும் இது தெரியும். அந்நேரத்தில் கையிலிருந்த தகவல் சரியாக வாசிக்கப்பட்டதா என்பதை வைத்தே அத்தீர்மானத்தை மதிப்பிட வேண்டும். மறுநாள் எத்தனை பிரதிகள் விற்றன என்பதை வைத்தல்ல. மச்சான் தகவலைச் சரியாகவே வாசித்தார் என்பது என் முடிவு. முதற்பின்னைக் கடந்த பந்தையும் தளர்ந்த தோளையும் அவர் ஒன்றாகக் கண்டார். போர்டு காட்டிய ஸ்ட்ரைக்கில் மயங்கவில்லை.

அடுத்த பருவம் தொடங்குமுன், அந்த 15 இறாத்தல் பந்தை அவர் அந்த இளைஞனிடமே கொடுத்துவிட்டார். இன்னொருவரின் விரல்களுக்காகத் துளைக்கப்பட்ட பந்தை அப்படியே பயன்படுத்த இயலாது. பழைய துளைகளை அடைத்து, அவனுடைய கைக்கு அளவெடுத்துப் புதிதாகத் துளையிட வேண்டியிருந்தது. அந்தச் செலவையும் மச்சானே ஏற்றுக்கொண்டார்.