கடல் எப்போது உறையும்?

மன்னார்த் தபால் கந்தோருக்குள் நுழைந்தால் முதலில் பசைதான் மணக்கும். மர மேசையின் மூலையில் ஒரு தகரப் பேணி, அதற்குள் காய்ந்தும் காயாமலும் கோதுமைமாப் பசை, பசைக்குள் ஓர் ஈர்க்கு. யன்னலால் வருகிற காற்றில் கருவாட்டு வாசமும் சேர்ந்து வரும். உள்ளே முத்திரை குத்துகிற சத்தம் விடாமல் கேட்கும். நீங்களும் அந்த மேசையில் குனிந்து நின்றிருப்பீர்கள். நீல ஏரோகிராமை மடித்து, ஓரத்தை நாக்கால் தடவி, அது ஒட்டாமல் கிளம்பினால் ஈர்க்கை எடுத்துப் பேணிக்குள் விடுவோம். கையெல்லாம் பசை. வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைக்கும்போதும் அந்த மணம் விரலில் இருக்கும்.

எழுபதுகளின் கடைசியில் மன்னாரில் எல்லாப் பெடியளுக்கும் பெட்டையளுக்கும் பேனா நண்பர் ஆசை பிடித்திருந்தது. பத்திரிகைகளில் வருகிற விலாசங்களைக் கத்தரித்துக் கொப்பியில் ஒட்டி வைப்போம். பின்லாந்து நாட்டிலே தூர்க்கு என்ற நகரத்தில் 1952இல் தொடங்கிய சர்வதேச இளைஞர் சேவை என்று ஓர் அமைப்பு இருந்தது. பெயர், வயது, தெரிந்த மொழி, பொழுதுபோக்கு எல்லாம் எழுதி அனுப்பினால், உலகத்தின் வேறொரு மூலையில் இருக்கிற ஒரு பிள்ளையின் விலாசத்தை அவர்கள் அனுப்பி வைப்பார்கள். எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த ரீச்சர்தான் அந்தப் படிவங்களை வகுப்புக்குக் கொண்டு வந்தா. பொழுதுபோக்கு என்ற இடத்தில் வகுப்பு முழுக்க முத்திரை சேர்த்தல் என்றே எழுதியது. தூர்க்கு எங்கே இருக்கிறதென்று அட்லஸில் விரலால் தேடிக்கொண்டு போன நேரம் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

படிவம் போய், பதில் வந்து, முதல் கடிதம் எழுத உட்கார்ந்தபோது ரீச்சர் ஒன்று சொன்னா. "சீகிரியாவைப் பற்றி, தேயிலைத் தோட்டத்தைப் பற்றியெல்லாம் அவையள் புத்தகத்திலை படிச்சுக்கொள்ளுவினம். நீங்கள் வீட்டிலையிருந்து பள்ளிக்கூடம் வாறதுக்கிடையிலை என்னத்தைக் கண்டனீங்கள்? அதை எழுதுங்கோ."

அடுத்த நாளிலிருந்து நாங்கள் நடந்த நடையே வேறு.

கழுதைகள் நிற்கின்றன. பஸ் நிலையத்தடியில், சந்தைக்குப் பின்னால், மதிலோர நிழலில், குட்டிகளோடு. தினம் பார்க்கிற கழுதைகள்தான். வெளிநாட்டுப் பிள்ளை ஒன்றுக்குச் சொல்ல வேண்டும் என்று வந்த பிறகு, அவற்றின் முதுகிலே சிலுவை மாதிரிக் கோடு ஓடுவதைக் கூடக் கண்டோம். பள்ளிமுனையில் பெருக்க மரம். அரபு வணிகர் கொண்டு வந்து நட்டது என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். கையோடு கை கோத்து அதைச் சுற்றி நின்றிருக்கிறோமே, அந்த வட்டத்தில் நீங்களும் நின்றிருப்பீர்கள். ஆபிரிக்காவின் மரம் ஒன்று எங்கள் உப்புக் காற்றில் நூற்றாண்டுக் கணக்காக நிற்பதை எழுதும்போது, எங்கள் ஊருக்கும் உலகத்துக்கும் பழைய பழக்கம் இருப்பது எங்களுக்கே விளங்கியது. பாயில் விரித்த நெத்தலி, கம்பில் தொங்கும் கட்டாக் கருவாடு, வாடிக்குள்ளே சம்மாட்டியின் உரத்த குரல், கரவலை இழுக்கிறவர்களின் அம்பாப் பாட்டு. எல்லாம் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். சொல் தெரியாத இடத்தில் படம் கீறுவோம்.

எனக்குக் கிடைத்தது பின்லாந்தின் உள்நாட்டுக் கிராமம் ஒன்றில் இருந்த பிள்ளை. அவளின் இரண்டாவது கடிதத்தில் ஒரு படம் இருந்தது. வெள்ளையாய் ஒரு வெளி, நடுவில் அவளுடைய அப்பா குந்தியிருக்கிறார், காலடியில் ஒரு துளை. ஏரி உறைந்து கிடக்கிறது, அப்பா துளை போட்டுத் தூண்டிலால் மீன் பிடிக்கிறார் என்று எழுதியிருந்தாள். கீழே ஒரு கேள்வி: உங்கள் கடல் எப்போது உறையும்?

அன்றிரவு அரிக்கன் லாம்படியில் அப்பாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். அப்பா வலை பொத்திக்கொண்டிருந்தார். படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "உந்த மனுசனுக்குக் கை விறைக்காதோ" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு சொன்னார். "எங்கடை கடல் உறையாது எண்டு எழுது. ஆனால் பக்கம் மாறும் எண்டு எழுது. வாடை அடிச்சால் வடகடல் கொந்தளிக்கும், நாங்கள் தென்கடலுக்குப் போவம். சோளகம் பிறந்தால் தென்கடல் பொல்லாதது, வடகடலுக்கு வந்திடுவம். ரெண்டு கடல் இருக்கிறபடியால்தான் எங்களுக்கு வருசம் முழுக்கச் சோறு."

காற்றைப் பற்றி அப்பா என்னோடு கதைத்தது அன்றைக்குத்தான். பின்லாந்துப் பிள்ளை கேட்டிராவிட்டால் நானும் கேட்டிருக்க மாட்டேன்.

ஏரோகிராமுக்குள் எதையும் வைக்கக் கூடாது என்று அதிலேயே அச்சடித்திருக்கும். அதனால் காசு சேர்த்துக் கடித உறை வாங்குவோம். வாடைக் காலத்தில் வங்காலைப் பக்கம் பூநாரை இறங்கும். ஓரத்தில் ரோசா நிறம் படிந்த ஓர் இறகு எடுத்துக் கொப்பிக்குள் தட்டையாக்கி அனுப்புவோம். அங்கிருந்து காய்ந்த இலை வரும், சின்னப் பூ வரும். பதிலுக்கு முத்திரை வாங்கக் காசில்லாவிட்டாலும் ஒரு வழி இருந்தது. 1906இல் உரோமில் கூடிய அகில உலகத் தபால் மாநாடு ஒரு கூப்பனை உண்டாக்கி வைத்திருந்தது. வெளிநாட்டுப் பிள்ளை கடிதத்தோடு அதையும் சேர்த்து அனுப்பினால், இங்கே கந்தோரில் நீட்டி முத்திரை வாங்கலாம். அம்மம்மாவுக்கு இதெல்லாம் பெரிய புதினம். குருத்தோலை வார்ந்து குட்டான் இழைத்து, அதற்குள் பனங்கட்டி வார்த்து, "அந்தக் குளிருக்குள்ளை இருக்கிற பிள்ளைக்கு அனுப்பு" என்று தந்தா. பார்சல் கட்டியபோது சாக்கு ஊசியும் அவவே கோத்துத் தந்தா. தவக்காலத்தில் பேசாலையில் திருப்பாடுகளின் பாஸ் நாடகம் பார்க்கப் போய் வந்தால் அதுவும் கடிதத்தில் ஏறும். மாதோட்டப் பாங்கில் அண்ணாவியார் படித்த கூத்தும் ஏறும்.

எல்லாம் மகிழ்ச்சியாக எழுதக் கூடியதாக இருக்கவில்லை. தலைமன்னார் இறங்குதுறையில் இராமானுஜம் கப்பல் நிற்கும். 1964 இலங்கை இந்திய ஒப்பந்தப்படி மலைநாட்டிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தோட்டச் சனம் கோச்சியில் வந்து இறங்கும். ஒப்பாரிக் கோச்சி என்றே அதற்குப் பேர். பிறந்த மண்ணை விட்டுப் போகிறவர்களின் அழுகை மேடை முழுக்கக் கேட்கும். இதை எப்படி ரீச்சர் எழுதுவது என்று கேட்டோம். "கண்டதுதானே, எழுதுங்கோ" என்றா. எழுதினோம். பின்லாந்துப் பிள்ளை திருப்பி எழுதியிருந்தாள், சண்டைக் காலத்தில் தன்னுடைய பாட்டியும் கரேலியாவில் இருந்த வீட்டை விட்டு வந்தவ என்று. உறைகிற ஊருக்கும் உறையாத ஊருக்கும் நடுவில் அந்த ஒரு வரி போதுமாயிருந்தது.

எருக்கலம்பிட்டியிலிருந்து வருகிற என் கூட்டாளிக்கு எகிப்தில் ஒரு நண்பன். நோன்புக் கஞ்சி எப்படிக் காய்ச்சுவது என்று இவன் எழுதுவான், அங்கே நோன்புக்குத் தெருவெல்லாம் விளக்குக் கட்டுவதை அவன் எழுதுவான். கடிதங்களை ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் போட்டு, பெட்டியைப் பள்ளிக்கூடத்துக்கே தூக்கிக்கொண்டு வருவான்.

1984இல் கப்பல் நின்றது. 1990இல் கோச்சி நின்றது. அந்த வருடம் ஒக்ரோபரில் என் கூட்டாளியின் சனமான முஸ்லிம்கள் அத்தனை பேரையும் புலிகள் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். தீவிலிருந்தவர்கள் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக்குப் போனார்கள். கையில் எடுத்துப் போக விட்டது கொஞ்சம். பிஸ்கட் பெட்டி அதில் இருந்திருக்காது. நாங்களும் ஓர் இரவு வள்ளம் ஏறினோம். தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் இறங்கியபோது என் கடிதக் கட்டும் என்னிடம் இல்லை.

இப்போது தீவுக்குப் போகிற பாலம் புதிதாக அகலமாக இருக்கிறது. 2015 மார்ச்சில் கோச்சி மறுபடியும் தலைமன்னார் வரை வந்தது. தென்கரையில் 2020 கடைசியில் 30 காற்றாலைகள் எழுந்தன. அப்பா சொன்ன அதே காற்றுகளில் அவை சுழல்கின்றன. கழுதைகள் நிற்கின்றன, பெருக்க மரமும் நிற்கிறது. தபால் கந்தோரில் பிள்ளைகளைத்தான் காணவில்லை.

வெளிநாட்டிலிருந்து இன்றைக்கும் எனக்குக் கேள்விகள் வருகின்றன. கேட்கிறது பின்லாந்துப் பிள்ளை அல்ல, என் தங்கச்சியின் பேத்தி. கனடாவில் பிறந்தவள். போனில் படத்தைக் காட்டி, "தாத்தா, வாடி எண்டால் என்ன? ஏன் மீனை மண்ணிலை போட்டிருக்கினம்?" என்கிறாள். எகிப்துக்கும் பின்லாந்துக்கும் நாங்கள் முக்கி முக்கி எழுதிய அதே விசயங்களை இன்று எங்கள் இரத்தத்துக்கே எழுத வேண்டியிருக்கிறது. அவளுக்குக் குட்டான் இழைத்து அனுப்ப அம்மம்மா இல்லை. தூர்க்குவில் இருந்த அந்தச் சேவையும் 2008இல் மூடப்பட்டு விட்டது. எழுபதுகளின் மன்னார் பிள்ளைக் கையெழுத்தில் எங்கேயாவது மிச்சம் இருந்தால், அது முகம் தெரியாத யாரோ ஒருவரின் வீட்டு லாச்சிக்குள்தான் இருக்கும். அவர்கள் அதை எறியாமல் வைத்திருக்க வேண்டும் என்று மனமார வேண்டிக்கொள்கிறேன்.

ஒன்றை உங்களிடம் கேட்க வேண்டும், நீங்களும் அந்த மேசையில் நின்றவர் என்பதால். அகில உலகத் தபால் ஒன்றியம் 1971இலிருந்து வருடம் தவறாமல் 9 தொடக்கம் 15 வயதுப் பிள்ளைகளுக்குக் கடிதப் போட்டி நடத்துகிறது. உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லுங்கோ. போட்டி இல்லாவிட்டாலும் காரியமில்லை. பிள்ளையிடம் ஒரு தாளும் ஒரு தூர விலாசமும் கொடுத்து, எங்கள் ரீச்சர் கேட்டதையே கேளுங்கோ. தூரத்திலிருக்கிற ஒருவருக்குச் சொல்ல வேண்டி வரும்போதுதான் பிள்ளை தன் ஊரை உற்றுப் பார்க்கிறது, தகப்பனிடம் காற்றைப் பற்றிக் கேட்கிறது. நான் கனடாவுக்கு எழுதத் தொடங்கி விட்டேன், தமிழில், பேனையால். முதல் கடிதம் கழுதைகளைப் பற்றி. நீங்கள் யாருக்கு எழுதப் போகிறீர்கள்?