அப்பாவின் லென்ஸ்

அப்பா இறந்து பத்து மாதங்கள் கழித்துத்தான் அவருடைய அலமாரியைத் திறந்தோம். பழைய மைலோ டின்னுக்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றியபடி ஒரு லென்ஸ் இருந்தது. நிக்கான் 43-86 மில்லிமீட்டர் ஸூம். 1963ல் அறிமுகமான ரகம். எங்கள் வீட்டு ஆல்பத்தில் உள்ள காதுகுத்து, பிறந்தநாள், தைப்பூசப் படங்கள் எல்லாம் அதில் எடுத்தவைதான்.

கைத்தொலைபேசி விளக்கை ஒரு பக்கம் பிடித்து, மறுபக்கம் கண்ணை வைத்தேன். கண்ணாடிக்குள் சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்திருந்தது. நம் ஊர் ஈரப்பதத்தில் மூடிய டின்னும் தோல் உறையும் பூஞ்சைக்கு நல்ல வீடு.

பெனின்சுலா கடைத்தொகுதிப் பக்கம் பழைய கேமராக்களைப் பழுதுபார்க்கும் சீன அங்கிள் ஒருவரிடம் கொண்டுபோனேன். வாங்கிப் பார்த்ததும் சிரித்தார். "நிறைய விற்ற லென்ஸ் இது. நிறையத் திட்டும் வாங்கியது." 43ல் வைத்தால் நேர்கோடுகள் வெளிப்பக்கம் புடைக்கும். 86ல் உள்பக்கம் வளையும். விளக்குக்கு எதிரே பிடித்தால் படமே வெளுத்துவிடும்.

ஒரு வாரத்தில் பூஞ்சை போய்விட்டது, தழும்பு போகவில்லை. பூஞ்சை சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை ஓரிடத்தில் அரித்திருந்தது. "இதைத் தேய்த்தால் பூச்சு முழுவதும் போய்விடும். விட்டுவிடு, படத்தில் தெரியாது" என்றார். இன்னொரு குறையும் இருந்தது. இந்த லென்ஸில் ஒரே வளையம்தான். திருப்பினால் ஃபோகஸ், முன்னும் பின்னும் தள்ளினால் ஸூம். தேய்ந்துபோனதால், கீழ்நோக்கிப் பிடித்தால் வளையம் தானாக நழுவியது. அதற்கு அவர் தந்த மருந்து ஒரு ரப்பர் பேண்ட்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. என் வேலையே குறைகளை நீக்குவதுதான். வானொலியில் இருமல், மூச்சுச் சத்தம், தடுமாற்றம் எல்லாவற்றையும் வெட்டிவிட்டுத்தான் ஒலியேற்றுவோம்.

அப்போதுதான் அந்தப் பதிவு நினைவுக்கு வந்தது. ஒரு தந்தையர் தினத்துக்காக அப்பாவைப் பேச வைத்துப் பதிவு செய்தேன். வாக்கியத்துக்கு வாக்கியம் தொண்டையைச் செருமுவார். பெயர் ஞாபகம் வராமல் நீளமாக நிறுத்துவார். அத்தனையையும் வெட்டினேன். கேட்டுவிட்டு அம்மா சொன்னார், "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது உங்கப்பா மாதிரி இல்லையே?"

மூலப் பதிவை நான் சேமித்து வைக்கவில்லை. அந்தச் செருமல் இப்போது எங்களிடம் இல்லை.

"இப்படியே இருக்கட்டும் அங்கிள்" என்று லென்ஸை வாங்கிக்கொண்டேன்.

தீபாவளிக்கு சிராங்கூன் சாலை ஒளியூட்டின் கீழ் அம்மாவை நிற்க வைத்து அதிலேயே படம் எடுத்தேன், ரப்பர் பேண்டோடு. பாதிப் படம் வெளுத்துப்போனது. அம்மா உற்றுப் பார்த்தார். "அப்பா எடுத்த மாதிரியே இருக்கு. அவர் எடுத்தாலும் என் முகம் தெரியாது."

லென்ஸ் இப்போது ஈரப்பதம் 45 விழுக்காட்டில் நிற்கும் டிரை கேபினெட்டில் இருக்கிறது. உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒரு டின் இருந்தால் இந்த வாரமே திறந்து, விளக்கடித்துப் பாருங்கள். பெற்றோரின் குரலைப் பதிவு செய்தால், வெட்டாத பிரதி ஒன்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.